தெறிப்பியல்: ஓர் அறிமுகம்

1. பொருளும் எல்லையும்

மழை நாளில் சாலையோரம் நடப்பவர் மீது, அவ்வழியே போகும் வாகனம் தேங்கிய நீரை வாரி இறைப்பதை இக்கட்டுரை ‘தெறிப்பு’ என்று குறிக்கும். வானத்திலிருந்து நேராக விழும் நீர் இதில் அடங்காது. அதைக் கவனிக்க வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. மாடி வீட்டுக்காரர் பால்கனியைக் கழுவி ஊற்றும் நீரும் அடங்காது. அது அக்கம்பக்கத்தார் தகராறு என்னும் தனித்துறையின்பாற்படும். பக்கவாட்டில் வந்து, முழங்காலில் தொடங்கி, சமயத்தில் மூக்குக்கண்ணாடி வரை எட்டுகிற நீர் மட்டுமே நம் ஆய்வுப்பொருள் என்க.

ஆய்வுக்களம் சென்னை. இந்நகரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஆண்டு முழுக்கத் தூறும் ஊர்களில் ஓட்டுநருக்குப் பழக்கமும் நடப்பவருக்குப் பொறுமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவரும். சென்னையிலோ இரு தரப்பும் ஒன்பது மாதத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, ஐப்பசி பிறந்ததும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகின்றன. ஆய்வாளருக்கு இதைவிட வாகான களம் வாய்க்காது.

2. திணை வகுத்தல்

எந்தப் பொருளையும் முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து நோக்குவது நம் மரபு. பழந்தமிழர் வகுத்த திணைகளில் தார்ச்சாலை இடம்பெறாமையால், அக்குறையை இங்கே நிரப்புவது கடமையாகிறது.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், சாலையும் சாலை சார்ந்த பள்ளமும். பெரும்பொழுது கூதிர், அதாவது ஐப்பசியும் கார்த்திகையும். சிறுபொழுது இரண்டு: இஸ்திரி போட்ட உடையோடு மக்கள் வேலைக்குக் கிளம்பும் காலை எட்டரை மணி, பட்டுப்புடவையோடு கல்யாண வரவேற்புக்குக் கிளம்பும் மாலை ஆறரை மணி. அழுக்கு லுங்கியோடு பால் வாங்கப் போகிறவர் மேல் தெறிப்பு நிகழ்வது அரிது. காரணம் புலப்படவில்லை.

கருப்பொருளாவன: பறை, ஹார்ன். உணவு, தள்ளுவண்டி பஜ்ஜி. புள், மின்கம்பியில் சிலிர்த்து உட்கார்ந்திருக்கும் காக்கை. மரம், மூடியில்லாத மேன்ஹோலுக்குள் எவரோ ஒரு புண்ணியவான் செருகிவைத்த கிளை. ஊர், பேருந்து நிறுத்தம். தொழில், வேட்டியை மடித்துக் கட்டலும் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தலும். உரிப்பொருள், நனைதலும் நனைதல் நிமித்தமும்.

3. நீர் சேரும் இடம்

நடப்பவர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் நீர் நிற்கும். இது அவர் ஜாதகக் கோளாறு அன்று; பொறியியல் ஏற்பாடு. தார்ச்சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தை நோக்கிச் சரித்தே போடுவார்கள். மழை மிகுந்த ஊர்களில் இந்தச் சரிவு நூற்றுக்கு இரண்டரை அளவில் இருக்கும். மூன்றரை மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில் நடுவுக்கும் ஓரத்துக்கும் ஏறக்குறைய 9 செ.மீ. வேறுபாடு. நீர் ஓரத்துக்கு ஓடி, வடிகால் வாய்க்குள் இறங்கிவிட வேண்டும் என்பது திட்டம். ஓரத்துக்கு ஓடுவது வரை திட்டம் பிசகாமல் நடக்கிறது. அதன்பின் வடிகாலின் வாயில் பிளாஸ்டிக் பை, இளநீர்க் கூடு, உதிர்ந்த இலை ஆகியவை முன்பே வந்து இடம்பிடித்திருப்பதால் நீர் அங்கேயே தங்கிவிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து சராசரியாக ஆறேழு மீட்டரே உயர்ந்த ஊரில் அதற்கு வேறு போக்கிடமும் கிடையாது.

பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரை அப்பும் வழக்கம் இன்னொரு காரணம். சாலை ஏறிக்கொண்டே போக, வீட்டு வாசலும் நடைபாதையும் தாமாகவே இறங்கின. 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தளம் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அதற்கு முன்பே மேலேறிவிட்ட தெருக்களின் ஓரத்தில் நிற்பவர், வாய்க்காலில் நிற்பவரே ஆவார்.

அற்றேல், அவர் நடைபாதையில் நடக்கலாகாதோ எனின், நடக்கலாம். இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டு நெறிப்படி நடைபாதையில் இடையூறின்றி நடக்க 1.8 மீட்டராவது அகலம் வேண்டும். விளிம்பு 15 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது. சென்னை மாநகராட்சி 2014-இல், இந்திய நகரங்களுக்கு முன்னோடியாக, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. 2019-இல் பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்காக அகன்ற வளாகமும் திறக்கப்பட்டது. பாண்டி பஜாரில் நடப்பவர் பாக்கியசாலி. மற்றைத் தெருக்களில் அந்த 1.8 மீட்டருக்குள் டிரான்ஸ்ஃபார்மர், மின்வாரியப் பெட்டி, இஸ்திரி வண்டி, டீக்கடை பெஞ்சு, நிறுத்திவைத்த பைக்குகள் ஆகியவை முறையே குடியிருக்கின்றன. நடப்பவர் இறங்கித்தான் போக வேண்டும். இறங்கினால் நீர்.

அந்நீரின் சேர்மானம் பற்றி விரித்துரைக்க விருப்பமில்லை. மழைநீர், மண், வண்டி எண்ணெய், கழிவுநீர் ஆகியவற்றோடு எலியின் சிறுநீரும் கலந்திருக்கும் என்பதும், காலில் வெட்டுக்காயம் இருந்தால் அதன் வழியே எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும் என்பதும் சொன்னாற்போதும்.

4. தெறிப்பின் இயங்கியல்

காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. டயர் நீரின் மேல் ஏறும்போது, அதன் அடியில் உள்ள நீர் விலகியே ஆக வேண்டும். தரையில் படியும் டயர்ப் பகுதியின் நீளம் ஒரு சாண் கூடத் தேறாது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அந்நீளத்தைக் கடக்க, விநாடியில் நூறில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலான நேரம் போதும். அந்நேரத்துக்குள் ஒதுங்க வேண்டிய நீர், ஒதுங்குவதில்லை, பாய்கிறது. கொஞ்சம் முன்னே அலையாகத் தள்ளப்படும். கொஞ்சம் டயரின் பள்ளங்களில் ஏறிச் சுழன்று பின்னால் வீசப்படும். ஒட்டிய மிச்சம் புகையாகப் பறக்கும். பெரும்பங்கு, பக்கவாட்டில் விசிறிபோல் விரியும். பேருந்து நிறுத்தம் இருப்பதும் பக்கவாட்டில்தான்.

அளவைக் கணக்கிடுவோம். டயரின் அகலம் 18 செ.மீ., நீரின் ஆழம் 5 செ.மீ., குட்டையின் நீளம் 30 மீட்டர் எனக் கொண்டால், ஒரு பக்கத்து முன்சக்கரம் மட்டுமே 270 லிட்டர் நீரை இடம்பெயர்க்கிறது. தண்ணீர் லாரி வரிசையில் நின்று பிடிக்கும் 15 லிட்டர் குடத்தால் அளந்தால் பதினெட்டுக் குடம். கோடையில் இவ்வளவையும் மூன்று மாடி ஏற்றிக் கொடுக்க எவரும் முன்வரார். கார்த்திகையில் கேளாமலே கிடைக்கிறது.

இனி வேகம். எறியப்பட்ட பொருள் போய் விழும் தூரம், வேகத்தின் இருமடிக்கேற்ப மாறும். காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டு, வண்டியின் வேகம் முழுவதும் துளிக்கு வந்து சேர்ந்ததாக வைத்துக்கொண்டால், 40 கி.மீ. வேகத்தில் அது எட்டக்கூடிய உச்ச தூரம் பன்னிரண்டரை மீட்டர். 10 கி.மீ. வேகத்தில் 80 செ.மீ. வேகத்தை நாலில் ஒன்றாக்கினால் தெறிப்பு பதினாறில் ஒன்றாகும். நடப்பவர் ஓரடி நகர்ந்து கொண்டால் தப்பிவிடலாம்.

இதற்கு ஓட்டுநர் தரும் விலை என்ன? 30 மீட்டர்க் குட்டையை 40 கி.மீ. வேகத்தில் கடக்க மூன்று விநாடிக்குச் சற்றுக் குறைவு, 10 கி.மீ. வேகத்தில் பதினோரு விநாடிக்குச் சற்றுக் குறைவு. வேறுபாடு எட்டு விநாடி. பிரேக் போட்டு மறுபடி வேகம் எடுப்பதற்கும் சேர்த்துத் தாராளமாகப் பதினைந்து விநாடி என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்னலில் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு, மூக்கைத் துடைத்தபடி, அவர் சும்மா உட்கார்ந்திருக்கப் போகும் நேரம் இதைவிட அதிகம்.

5. ஓட்டுநர் வகைமை

தெறிப்போர் நால்வகையர். அறியாது தெறிப்போர், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியும் பாட்டுமாய் வேறோர் உலகில் இருப்பவர். விரைந்து தெறிப்போர், ஒன்பது மணிக்கு விரலை வைக்காவிட்டால் அரை நாள் சம்பளம் போகும் என்று பறப்பவர். முந்தித் தெறிப்போர், வலப்பக்கம் வண்டிகள் ஊர்வதைக் கண்டு, இடப்பக்கம் நீர் நிற்பதாலேயே காலியாக இருக்கிறது என்று உணராமல் அதற்குள் புகுபவர். உவந்து தெறிப்போர், பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குட்பட்ட பைக்காரர். இவருக்குப் பின்னால் ஒரு நண்பர் இருந்தாக வேண்டும், இல்லையேல் உவகை நிறைவடையாது.

இவர்களுள் முதல் வகையினரே பெரும்பான்மை என்று ஓட்டுநர் தரப்பு வாதிடும். “கவனிக்கலங்க” என்பது அவர்தம் வாய்மொழிச் சான்று. இச்சான்றை ஏற்பதற்கு இரண்டு தடைகள் உள. கார் குட்டையை நெருங்கும்போது, பாதி இறங்கியிருந்த கண்ணாடி சரியாக மேலேறுகிறது. டூவீலர்காரர் குட்டைக்கு நான்கு முழம் முன்பே இரண்டு கால்களையும் தூக்கி, பாதங்களை இருபுறமும் நீட்டி, ஷூவைக் காப்பாற்றிக்கொண்டு கடக்கிறார். நீர் இருப்பதும், அது தெறிக்கும் என்பதும், தெறித்தால் நனையும் என்பதும் இருவருக்குமே தெரிந்திருக்கின்றன. கண்ணாடியை ஏற்றக் கைக்கு நேரம் இருக்கிறது. பிரேக்கை மிதிக்கத்தான் காலுக்கு நேரம் இல்லை. எனவே அறியாமை என்னும் வகை நூலில் மட்டுமே உளது, சாலையில் இல்லை என்பது பெறப்படும்.

டூவீலர்காரரின் நிலை தனியே நோக்கத்தக்கது. அவர் பேருந்தால் தெறிக்கப்படுபவர், நடப்பவரைத் தெறிப்பவர். ஒரே தெருவில், பத்து நொடிக்குள், முன்னதற்காகப் பேருந்து ஓட்டுநரின் பரம்பரையை வாயார வாழ்த்திவிட்டு, அதே மூச்சில் பின்னதைச் செய்து முடிப்பார். முரண்பாடு ஏதும் அவருக்குத் தோன்றுவதில்லை.

6. நடப்பவர் மெய்ப்பாடு

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை ஆகிய எட்டும் ஒரே தெறிப்பில் அமையக் காணலாம். வரிசை மட்டும் மாறும்.

தூரத்தில் வண்டி தெரிகையில் அச்சம். இக்கட்டத்தில் அனுபவசாலி, தலைக்கு மேல் பிடித்திருந்த குடையைச் சரேலென்று இறக்கிச் சாலைப் பக்கம் கேடயமாகப் பிடிப்பார். மேலிருந்து வரும் மழையில் தலை நனையும். பாதகமில்லை, அது சுத்தமான தண்ணீர். வண்டி வேகம் குறைக்காமலே வருவது கண்டு மருட்கை. நீர் மேலே விழுந்ததும் வெகுளி, “யோவ்!” என்னும் விளி இதன் புறக்குறி. வண்டி நின்று பதில் சொல்லுமானால் அது பெரும்பாலும் “வூட்ல சொல்லிக்கினு வந்தியா?” என்னும் வினாவாகவே இருக்கும். குனிந்து வெள்ளைச் சட்டையைப் பார்க்கையில் இளிவரல். இன்றைக்கு நேர்காணல் என்பது நினைவுக்கு வர அழுகை. எதிர்ச்சாரியில் நின்று பார்த்தவர்க்கு நகை. தூணுக்குப் பின்னால் ஒதுங்கித் தப்பியவர்க்குப் பெருமிதம். தெறித்த வண்டி அடுத்த குட்டையில் புஸ்ஸென்று நின்றுபோகுமாயின், அனைவர்க்கும் உவகை.

நீண்ட அனுபவம் மெய்ப்பாடுகளைக் கடந்த ஞானத்தைத் தரும். பேருந்து நிறுத்தமொன்றில் கீரைக்கூடையோடு நின்ற ஓர் அம்மா, பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையனிடம், “தள்ளி வந்து நில்லு தம்பி, பஸ்ஸு வருது” என்றார். “நம்ம பஸ் இல்லையேம்மா” என்றான் அவன். “பஸ்ஸு யாருதா இருந்தா இன்னா, தண்ணி நம்முளுதுதான்” என்றார். இத்துறையில் இதனினும் சுருங்கிய சூத்திரம் இதுகாறும் செய்யப்பட்டிலது.

7. தடையும் விடையும்

தடை ஒன்று: மெதுவாகப் போனால் சைலன்சரில் தண்ணீர் ஏறி வண்டி நின்றுவிடும். இது மெக்கானிக் அல்லாதார் அனைவரும் உறுதியாக நம்பும் கருத்து. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்வரை புகைப்போக்கியின் அழுத்தம் ஆழமில்லாத நீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உண்மையான ஆபத்து காற்று உள்ளே போகும் வழியில் நீர் புகுவதே. வேகமாகப் போனால் வண்டிக்கு முன் எழும் அலை பானட் வரை ஏறி, அவ்வழியே உள்ளே நுழையும். சிலிண்டருக்குள் போன நீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாமல் இணைப்புத் தண்டு வளையும். இதற்கான செலவு, இஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவை வாங்காதவர்க்குக் காப்பீட்டில் பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே முதல் கியரில், ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடித்து, நிற்காமல் ஊர்ந்து போவதே முறை. நடப்பவர்க்கு நல்லதும் வண்டிக்கு நல்லதும் ஒன்றாக அமைந்த அபூர்வ இடம் இது.

தடை இரண்டு: வளைந்து போக இடமில்லை, நீருக்கடியில் பள்ளம் எங்கே இருக்கிறதோ தெரியாது. உண்மை. அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாத இடத்தில் அறிவுடையோர் வேகத்தைக் குறைப்பரா, கூட்டுவரா என்பதை ஓட்டுநரே சொல்லட்டும்.

தடை மூன்று: அவசரம். இதற்கு நம் இலக்கியத்திலேயே விடை உண்டு. அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், கார்காலத்தில் தேரேறி வீடு திரும்புகிறான். மழைக்கு முன் வருவேன் என்ற வாக்கை நம்பி மனைவி காத்திருக்கிறாள், மழை தொடங்கிவிட்டது. அவனுக்கு இல்லாத அவசரம் நம்மில் எவர்க்கும் இல்லை. அப்படியிருந்தும், பூவில் தேனுண்ணும் வண்டுகள் ஒலி கேட்டுக் கலங்கிவிடக் கூடாதென்று, தேர்மணிகளின் நாவை இழுத்துக் கட்டிவிட்டு வருகிறான். மழைக்கால வாகன நாகரிகம் குறித்துத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று எனத் துணிந்து கூறலாம். வண்டுக்கு ஹார்னை அடக்கிய மரபில் வந்தவர்கள், கீரைக்கார அம்மாவுக்காக எட்டு விநாடி தர இயலாது என்பது ஆராய்ச்சிக்குரியது.

8. சட்டங்களின் ஒப்பீடு

ஜப்பானின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், சேற்றிலும் குட்டையிலும் ஓட்டுபவர் வேகத்தைக் குறைத்து, பிறர் மேல் சேறோ நீரோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பெயர் சொல்லியே விதிக்கிறது. மீறினால் சாதாரணக் காருக்கு 6,000 யென். பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், சாலையைப் பயன்படுத்தும் பிறரை மதியாமல் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. நடப்பவரை வேண்டுமென்றே நனைப்பதும் அதில் சேரும். அங்கேயே தண்டம் கட்டித் தீர்த்தால் 100 பவுண்டு, உரிமத்தில் மூன்று புள்ளி.

நம் மோட்டார் வாகனச் சட்டமும் அதே 1988-ஐச் சேர்ந்தது. அதில் தெறிப்புக்கென்று தனிப்பிரிவு இல்லை. எனினும் 2017-ஆம் ஆண்டு ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், நடப்பவர், சைக்கிளில் செல்வோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் பாதுகாப்பில் ஓட்டுநர் தனிக்கவனம் செலுத்த வேண்டும் என்கின்றன. மனமிருந்தால் இதற்குள் ஒரு வாளி தண்ணீரையும் அடக்கலாம்.

நம் சட்டத்துக்கு உடைமீது அக்கறை இல்லை என்று சொல்வதும் பிழை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 123-ஆவது, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காதிருக்க, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும் என்கிறது. நாம் சாரி கார்டு என்பது இதைத்தான். வண்டிமேல் இருக்கும் புடவைக்கு இரும்புக் கம்பியால் காப்பு. வண்டிக்குப் பக்கத்தில் நடக்கும் புடவைக்குக் கடவுள் காப்பு.

9. முடிவும் பரிந்துரையும்

ஆய்வின் முடிவுகள் மூன்று. தெறிப்புக்குக் காரணம் மழை அன்று, வேகம். வேகத்துக்குக் காரணம் அவசரம் அன்று, கண்ணாடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஏறியவுடன் அந்தப் பக்கத்தில் நின்ற ஞாபகம் போய்விடுகிறது. காலையில் முழங்கால்வரை நனைந்து, அலுவலகம் முழுக்க அதைச் சொல்லிப் புலம்பியவர், மாலையில் ஆட்டோ ஏறியதும், “சீக்கிரம் போப்பா, ஓரமா இடம் கிடக்குதுல்ல” என்கிறார். அந்த ஓரம் எது என்பது அவருக்கே நன்கு தெரியும். மறுத்து, நடுவிலேயே ஊர்ந்துபோகும் ஆட்டோக்காரர்களும் உண்டு. நாளின் பாதியை ஸ்டாண்டில், அதே ஓரத்தில், நின்று கழிப்பவர்கள் அவர்கள்.

எனவே அபராதத்தைக் கூட்டுவதைவிட, ஓட்டுநர் உரிமத் தேர்வில் ஒரு சிறு சேர்க்கை பயன் தரும். இப்போது டூவீலர் உரிமத்துக்கு எட்டுப் போட்டுக் காட்டினால் போதும். இனி எட்டுப் போட்டு முடித்தவர், சலவை செய்த வெள்ளை வேட்டி சட்டையோடு, பெண்களாயின் வெளிர்நிறப் புடவையோடு, ஏதேனுமொரு பேருந்து நிறுத்தத்தின் ஓரக்கல்லில் அரை மணி நேரம் நிற்க வேண்டும். தேர்வாளர் அவரை ஒன்றும் கேட்கத் தேவையில்லை. மற்றதைப் போக்குவரத்து பார்த்துக்கொள்ளும்.

ஐப்பசியில் விண்ணப்பிப்பவர்க்குச் சரி, சித்திரையில் விண்ணப்பிப்பவரை எப்படிச் சோதிப்பது எனின், அது தடையாகாது. மெட்ரோ வாட்டர் லாரி பன்னிரண்டு மாதமும் ஒழுகிக்கொண்டேதான் போகிறது.